திறந்தவெளிச் சுரங்க வேலை: மருத்துவப் பரிசோதனையிலிருந்து ஃபோர்மேன் தேர்வு வரை

தமிழ்நாட்டில் சுரங்க வேலை என்றால் அது வானம் தெரியும் வேலைதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல், சேலத்தில் மேக்னசைட், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட், ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் ஜல்லிக்கான கருங்கல் குவாரி. எல்லாமே மேலிருந்து படிப்படியாக வெட்டி இறங்கும் திறந்தவெளிச் சுரங்கங்கள். தலைக்கு மேல் கூரை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கூரை இல்லைதான், ஆனால் பக்கவாட்டில் சுவர் இருக்கிறது. உயிர் போகும் விபத்துகளில் பெரும்பாலானவை அந்தச் சுவர் சரிவதாலும், வண்டிகளாலும் நடப்பவை.

வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையக் கிடைப்பார்கள். பாறைச் சுவரைப் பார்த்து, "இன்றைக்கு இதன் அடியில் யாரும் போக வேண்டாம்" என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. டிரில்லர், ஆபரேட்டர், டிரைவர், ஆட்களை மேற்பார்வையிடும் மேட் என்று யாராக இருந்தாலும் தொழிலின் அடிப்படை அந்தப் பார்வைதான். இந்த வழிகாட்டியும் அதைச் சுற்றியே எழுதப்பட்டது.

படி 1: எந்தச் சுரங்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாச் சுரங்கமும் ஒரே மாதிரி ஆள் கேட்பதில்லை. நெய்வேலியில் மண்ணை வெட்டுவது பக்கெட் வீல் எந்திரம். ஒரு பக்கெட்டுக்கு 350, 700, 1400 லிட்டர் என்று அளவுகள் உண்டு. வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் போய், மண்ணைப் பரப்பும் ஸ்ப்ரெடர் எந்திரம் வழியாக ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டப்படுகிறது. ஆகவே அங்கே அதிகம் தேவைப்படுபவர்கள் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், பெல்ட் பராமரிப்பாளர்கள். ஐடிஐ முடித்தவர்களுக்குத் தொழிற்பழகுநர் பயிற்சி ஒரு நல்ல நுழைவாயில்.

நெய்வேலிக்கென்று இரண்டு பிரச்சினைகள் உண்டு. மேல்மண்ணில் கடலூர் மணற்பாறை கலந்திருக்கிறது. அது பக்கெட் பற்களை உப்புக் காகிதம் போலத் தேய்த்துவிடும். அதனால் கடினமான இடங்களில் முதலில் வெடி வைத்துத் தளர்த்திவிட்டுத்தான் எந்திரத்தை இறக்குகிறார்கள். இன்னொன்று, நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே கீழிருந்து பொங்கி எழும். அதனால் பம்புகள் இரவும் பகலும் ஓடியே ஆக வேண்டும். பம்ப் ஆபரேட்டர் வேலை பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். சுரங்கமே அதை நம்பித்தான் நிற்கிறது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் டிரில், வெடி, ஹிட்டாச்சி என்று அழைக்கப்படும் அள்ளும் எந்திரம், கல்லைச் சுமந்து கொட்டும் டம்பர் வண்டி என்ற வரிசை. கல்குவாரியில் டிராக்டர் கம்ப்ரசர், காற்றழுத்தத்தில் ஓடும் கைத்துளைப்பானான ஜாக்ஹாமர், டாரஸ் லாரி, கல் உடைக்கும் கிரஷர். கிரானைட் குவாரியில் கல் உடையாமல் முழு பிளாக்காக வர வேண்டும் என்பதால் டைமண்ட் வயர் சா வைத்து அறுக்கிறார்கள். வயர் அறுந்தால் அதில் கோத்த மணிகள் தோட்டா வேகத்தில் பறக்கும். வயர் ஓடும் நேர்கோட்டில், முன்னாலும் பின்னாலும், ஒருவரும் நிற்கக்கூடாது. பக்கவாட்டில் தள்ளி நின்று இயக்க வேண்டும்.

படி 2: காகிதங்கள்

18 வயது நிறைந்திருக்க வேண்டும். முறையான பழகுநர்களுக்கு மட்டும் 16 வயதிலிருந்து இடமுண்டு. பெண்கள் பகல் நேரத்தில் திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலை செய்வது முன்பே அனுமதிக்கப்பட்டதுதான். 2019இல் வந்த அரசு அறிவிக்கைக்குப் பிறகு, எழுத்துப்பூர்வச் சம்மதம், பாதுகாப்பு ஏற்பாடு போன்ற நிபந்தனைகளோடு இரவு ஷிஃப்டிலும் வேலை செய்யலாம்.

சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை நடக்கும். நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சுத் திறன், காது கேட்கும் திறன், கண் பார்வை எல்லாம் பார்ப்பார்கள். முடிவு 'ஓ' படிவத்தில் வரும். அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நுரையீரலிலோ காதிலோ பாதிப்பு வந்தால், வேலைக்குச் சேரும்போது நீங்கள் நன்றாக இருந்தீர்கள் என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. கல்தூசால் நுரையீரலில் வரும் சிலிகோசிஸ் அறிவிக்கப்பட்ட தொழில் நோய். இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசோதனை நடக்க வேண்டும். சம்பளம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையே நடத்தாத இடத்தில் சேராதீர்கள்.

அடுத்தது தொழிற்பயிற்சி. 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி, பயிற்சி மையத்தில் அடிப்படைப் பயிற்சி முடிக்காத ஆளைப் பள்ளத்துக்குள் இறக்கக்கூடாது. சுரங்க வட்டாரத்தில் இதை விடிசி பயிற்சி என்பார்கள். கையெழுத்து வாங்கிச் சான்றிதழ் மட்டும் தரும் இடங்களும் உண்டு. அங்கே நஷ்டப்படுபவர் நீங்கள்தான்.

டம்பர், டிப்பர் ஓட்டக் கனரக வாகன உரிமம் வேண்டும். உரிமம் மட்டும் இருந்தால் போதாது. இன்ன எந்திரத்தை இயக்கலாம் என்று சுரங்க மேலாளர் எழுத்தில் அங்கீகாரம் தர வேண்டும். 35 டன் டம்பருக்கு அங்கீகாரம் வாங்கியவர் அவசரத்துக்கு 60 டன் வண்டியில் ஏறினால், விபத்து நடக்கும் நாளில் முதல் கேள்வி அவர் மீதுதான் பாயும்.

வேலை நேரம் நாளுக்கு 8 மணி (1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் 9 மணியாக இருந்தது), வாரத்துக்கு 48 மணி. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவில் அரை மணி இடைவேளை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. மற்றவை அந்தச் சட்டக் காலத்திலிருந்து வரும் கணக்கு. சேரும்போதே கேளுங்கள்.

படி 3: முதல் மாதம், பார்ப்பதற்கு

ஹெல்மெட், இரும்பு முனை வைத்த ஷூ, பளிச்சென்று தெரியும் ஜாக்கெட், காதடைப்பு, தூசு மாஸ்க். இவ்வளவும் நிர்வாகம் தர வேண்டியவை. ரப்பர் செருப்போடு வருபவர் இன்னும் சில குவாரிகளில் உண்டு. அப்படி ஒரு இடமென்றால் மற்ற பாதுகாப்பும் அதே தரத்தில்தான் இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஹெல்பராகச் சேருபவர் பழக வேண்டியது வண்டிகளின் கண்ணுக்குப் படாத இடங்கள். பெரிய டம்பரின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு வலப்பக்கமும் பின்பக்கமும் பல மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் மிக அருகே நிற்கும் ஜீப்பே தெரியாது. டிரைவரின் முகத்தை நீங்கள் பார்க்க முடியவில்லை என்றால் அவராலும் உங்களைப் பார்க்க முடியவில்லை. கையசைத்து, அவர் பதிலுக்குக் கையசைத்த பிறகே வண்டிப் பக்கம் போகலாம். நிழலுக்காக நின்ற வண்டியின் அடியில் சாய்ந்து தூங்குவது குவாரிகளில் பல உயிர்களைக் குடித்த பழக்கம். நிழல் வேண்டுமென்றால் ஓய்வுக் கொட்டகை கேளுங்கள்.

கன்வேயர், கிரஷர் பக்கம் வேலை என்றால் ஒரே விதி: பெல்ட் ஓடும்போது கை வைக்காதே. ரோலரில் ஒட்டிய மண்ணைச் சுரண்டப் போய்க் கையையும் தோளையும் இழந்தவர்கள் பலர். பக்கவாட்டில் ஓடும் அவசர நிறுத்தக் கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்கும். ஆனால் சுத்தம் செய்ய அது போதாது. மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்விட்சில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்த பிறகே ரோலரைத் தொட வேண்டும்.

படி 4: சுவரைப் படிப்பது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

திறந்தவெளிச் சுரங்கம் மாடிப்படி போல வெட்டப்படுகிறது. ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்ச். 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிமுறைகள் இதற்கு அளவு சொல்கின்றன. பெயரில் உலோகம் இருந்தாலும் சுண்ணாம்புக்கல், கருங்கல் குவாரிகளுக்கும் இவைதான். மண், செம்மண், சரளை போன்ற தளர்ந்த நிலத்தில் பெஞ்சின் உயரம் 1.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இல்லையென்றால் பக்கச் சுவர் 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாகாமல் சரிவாக இருக்க வேண்டும். கெட்டிப் பாறையில் 6 மீட்டர். பெஞ்சின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக்கூடாது. பெரிய எந்திரம் வைத்து இதைவிட உயரமாக வெட்டத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

அகலம் ஏன் முக்கியம்? மேல் பெஞ்சிலிருந்து ஒரு கல் உருண்டால் அது அடுத்த பெஞ்சிலேயே தங்கிவிட வேண்டும். பெஞ்ச் குறுகியிருந்தால் கல் அதில் பட்டுத் துள்ளி இன்னும் வேகமெடுத்துக் கீழே வரும். பல சிறு குவாரிகளில் பெஞ்சே இல்லாமல் 20, 30 மீட்டர் ஒரே செங்குத்துச் சுவராக நிற்பதைப் பார்க்கலாம். அந்தச் சுவரின் அடியில் எப்படி வேலை செய்தாலும் அது பாதுகாப்பான வேலை ஆகாது.

ஷிஃப்ட் தொடங்கும் முன் சுவரை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் மேலே ஏறி விளிம்பைப் பாருங்கள். விளிம்புக்கு இணையாகத் தரையில் வெடிப்பு ஓடுகிறதா? இருந்தால் அதன் இரு பக்கமும் ஒரு ஆணி அடித்து, நடுவே உள்ள தூரத்தை அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த நாள் மீண்டும் அளந்தால் சுவர் நகர்கிறதா என்பதை அந்த எண் சொல்லிவிடும். ஒரு நாளில் சில மில்லிமீட்டர் கூடியிருந்தாலே கீழே வேலையை நிறுத்திவிட்டு மேட்டிடம் சொல்ல வேண்டும். வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் மேலே கால்வாய் வெட்டித் திருப்பிவிடுவதும் அன்றைக்கே நடக்க வேண்டிய வேலை.

பிறகு கீழே வந்து, சுவரின் உயரத்துக்குக் குறையாத தூரம் தள்ளி நின்று, பாறையின் அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். சுவருக்குள்ளே போகும் சாய்வு பரவாயில்லை. பள்ளத்தை நோக்கி, உங்களை நோக்கிச் சாய்ந்த அடுக்கு என்றால் சாய்ந்த மேசையில் வைத்த தட்டு போல. நடுவே களிமண் இருந்து அது நனைந்தால் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு வெடிப்புகள் ஒன்றையொன்று வெட்டி ஆப்பு வடிவில் ஒரு துண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். ஆப்புத் துண்டு முன்னறிவிப்பில்லாமல் விழும்.

மூன்றாவது, ஈரம். நேற்றுவரை உலர்ந்திருந்த சுவரில் இன்றைக்குக் கசிவு தெரிந்தால் உள்ளே நீர் அழுத்தம் ஏறியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மழை பெய்யும்போதைவிட மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில்தான் கவனம் அதிகம் தேவை. அன்றைக்குத்தான் எல்லோரும் வேலையைப் பிடிக்க அவசரப்படுவார்கள்.

நான்காவது, தொங்கும் பாறை. அடியில் தோண்டி மேலே கூரை போல விட்டுவிட்ட சுவர் எந்த நிலையிலும் கூடாது. லூஸ் கல்லைத் தட்டி இறக்குவதும் மேலிருந்து கீழாகத்தான். கடப்பாரையோடு நிற்பவர் கல்லுக்குப் பக்கவாட்டில், கால் நழுவாத இடத்தில் நின்று, பெல்ட்டும் கயிறும் கட்டியிருக்க வேண்டும். தட்டும்போது கணீரென்று ஒலித்தால் கல் பிடிப்போடு இருக்கிறது. மண்பானை விரிசல் விட்டது போலப் பொத்தென்று கேட்டால் பின்னால் பிரிந்துவிட்டது.

சுவரிலிருந்து சிறு கற்கள் பொலபொலவென்று உதிரத் தொடங்கினால் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். எந்திரத்தையும் மறந்துவிட்டு விலகுங்கள்.

படி 5: டிரில்லிங்

ஜாக்ஹாமரில் 32 முதல் 34 மி.மீ. பிட், ஏறக்குறைய 1.5 மீட்டர் ஆழம். காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 5.5 முதல் 7 கிலோ வரை இருந்தால் டிரில் நன்றாக இறங்கும். காற்றுக் குழாய் இணைப்பு கழன்றால் குழாய் பாம்பு போலச் சுழன்று அடிக்கும். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் பாதுகாப்புக் கம்பியால் பிணைக்க வேண்டும். முதல் 10 செ.மீ.க்குப் பாதிக் காற்றில் மெதுவாக இறக்குங்கள். முழுக் காற்றில் தொடங்கினால் பிட் வழுக்கிக் குழி கோணலாகிவிடும். ஆழம் கூடக் கூட நீளமான ராடுக்கு மாறும்போது பிட்டின் விட்டம் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதே அளவு பிட் போட்டால் குழியில் இறுகிக்கொள்ளும்.

முந்தைய வெடியில் மிச்சமான குழியின் அடிப்பகுதியில் மீண்டும் டிரில் போடுவது அறவே கூடாது. குழி தயாராக இருக்கிறதே என்று தோன்றும். உள்ளே வெடிக்காத மருந்து இருந்தால் அந்தக் கணமே முடிந்துவிடும்.

பெரிய சுரங்கங்களில் 100 முதல் 115 மி.மீ. குழி. முன் விளிம்புக்கும் முதல் வரிசைக்கும், அதைப் போலவே வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் பர்டன். அது குழி விட்டத்தைப் போல 25 முதல் 30 மடங்கு என்று தொடங்கலாம். 115 மி.மீ. குழிக்கு 3 மீட்டர் என்று வைத்தால், ஒரே வரிசையில் குழிக்குக் குழி 3.5 மீட்டர். 6 மீட்டர் பெஞ்சில் அடிக்கால் (சுவரின் அடியில் உடையாமல் நிற்கும் பாறை) மிச்சமில்லாமல் உடைய, பர்டனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 0.9 மீட்டர் கூடுதல் ஆழம் போடுவார்கள். ஆக 6.9 மீட்டர். ஒரு குழி உடைக்கும் கல் 3 × 3.5 × 6, அதாவது 63 கன மீட்டர். சுண்ணாம்புக்கல் என்றால் சுமார் 150 டன்.

இந்த எண்களில் எங்கே தவறு நடக்கிறது? முந்தைய வெடியில் விளிம்பு பின்னோக்கி உடைந்திருக்கும். அதைப் பார்க்காமல் பழைய கயிறைப் பிடித்து 3 மீட்டர் குறித்தால், சுவரின் நடுவே உண்மையான தடிமன் ஒன்றரை மீட்டராக இருக்கலாம். அந்த மெல்லிய இடத்தைப் பிய்த்துக்கொண்டு கல் ஊர் வரைக்கும் பறக்கும். தடிமன் கூடிப்போனாலோ கல் நகராது, அடிக்கால் நிற்கும், நிலம் மட்டும் அதிரும். குழியின் மேல்வாயை அடைக்கும் ஸ்டெம்மிங் பர்டனில் முக்கால் பங்குக்குக் குறையக்கூடாது. டிரில் பொடியைவிட 6 முதல் 12 மி.மீ. கூரான ஜல்லி நன்றாகப் பிடிக்கும். பொடி ஊதித் தள்ளப்பட்டுவிடும், ஜல்லி ஒன்றோடொன்று இறுகி நிற்கும்.

டிரில்லரின் நோட்டுப் புத்தகம் பல இடங்களில் மதிக்கப்படுவதில்லை. வெடிப்பாளருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஒவ்வொரு குழிக்கும் எந்த ஆழத்தில் ராடு திடீரென்று வழுக்கி இறங்கியது, எங்கே பொடியின் நிறம் வெள்ளையிலிருந்து பழுப்பானது, எங்கே தண்ணீர் வந்தது என்று எழுத வேண்டும். "7ஆம் குழி, 3.2 முதல் 3.8 வரை களிமண்" என்ற ஒரு வரி போதும். அந்த இடத்தில் மருந்து நிரப்பாமல் ஜல்லியால் அடைப்பார் வெடிப்பாளர். அந்த வரி இல்லையென்றால் களிமண் வழியே வெடியின் முழு வேகமும் பீறிடும்.

படி 6: வெடி நேரம்

மருந்தைக் கையாள்வது சான்றிதழ் பெற்ற வெடிப்பாளரின் வேலை. ஹெல்பராக இருப்பவர் பெட்டியைத் தூக்கச் சொன்னாலும் அங்கீகாரம் இல்லாமல் தொட வேண்டாம். மற்றவர்கள் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்: வெடி வைக்கும் இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் 300 மீட்டர் தூரம் வரை அபாய வட்டம். நிலக்கரிச் சுரங்க விதிமுறைகளின்படி 500 மீட்டர். சைரன் ஒலித்ததும் வட்டத்துக்கு வெளியே போக வேண்டும், அல்லது அதற்கென்று கட்டிய உறுதியான காப்பிடத்துக்குள் போக வேண்டும். லாரிக்கு அடியிலோ கல் குவியலுக்குப் பின்னாலோ ஒளிவது காப்பிடம் ஆகாது. ஒவ்வொரு வழியிலும் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்க வேண்டும். ஆட்களை எண்ணிப் பார்த்த பிறகே வெடி.

வெடித்த பிறகு வெடிப்பாளர் போய்ப் பார்த்து, அனைத்தும் சரி என்ற சைரன் அடிக்கும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது. புகை ஆரஞ்சு நிறத்தில் எழுந்தால் அது நச்சுப் புகை. காற்று வீசி வரும் பக்கமாக விலகி நில்லுங்கள். கல்லை அள்ளும்போது வண்ண டியூபோ, வயரோ, மருந்துப் பொட்டலமோ கண்ணில் பட்டால் பக்கெட்டை அப்படியே நிறுத்தி, ஆளைத் தள்ளி நிறுத்தி, வெடிப்பாளரைக் கூப்பிட வேண்டும். வெடிக்காத குழியை அவர் நீக்கும் முறைகளில் ஒன்று, குறைந்தது 30 செ.மீ. தள்ளி அதற்கு இணையாக வேறு குழி போட்டு வெடிப்பது. குழி கோணலாக இறங்கியிருந்தால் இந்த 30 செ.மீ. கணக்கே பொய்த்துவிடும். டிரில்லர் நேராகக் குழி போடுவது இங்கேயும் உயிர் காக்கிறது.

படி 7: ஹிட்டாச்சி ஆபரேட்டர்

ஏறுவதற்கு முன் ஒரு சுற்று. எண்ணெய்க் கசிவு, பக்கெட் பல் பின், செயின் தளர்ச்சி, கண்ணாடி, ரிவர்ஸ் ஹாரன். பூம், ஆர்ம், பக்கெட் பின்களுக்கு ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கிரீஸ். கழன்ற பக்கெட் பல் கல்லோடு சேர்ந்து கிரஷருக்குள் போனால் நாள் முழுக்க ஆலை நிற்கும். எண்ணி வையுங்கள், அள்ளி முடித்ததும் எண்ணுங்கள்.

எந்திரத்தைச் சுவருக்குச் செங்குத்தாக, செயினை இழுக்கும் ஓட்டுச் சக்கரம் பின்பக்கம் இருக்குமாறு நிறுத்துங்கள். சுவர் சரிந்தால் திரும்ப நேரமிருக்காது. லிவரை இழுத்தால் நேராகப் பின்னால் வந்துவிட வேண்டும். சுவரின் உயரம் பூம் எட்டும் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. எட்டாத இடத்தில் நிற்கும் கல்லை அடியில் குடைந்து விழவைப்பது வேகமான வழியாகத் தெரியும். அப்படி விழும் கல் கேபின் மீதுதான் விழும்.

லாரியை உங்கள் இடப்பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். கேபின் இடப்பக்கம் இருப்பதால் பாடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். சுழலும் கோணம் 90 டிகிரிக்குள் இருந்தால் டீசலும் நேரமும் மிச்சம். எந்திரம் நிற்கும் மேடை லாரிப் பாடியின் உயரத்துக்கு இருந்தால் இன்னும் நல்லது. முதல் பக்கெட்டில் சிறு கல்லும் பொடியும் போட்டு மெத்தை அமையுங்கள். பெரிய பாறை அதன் மேல். லாரி கேபினுக்கு மேலாகப் பக்கெட்டைக் கொண்டுபோகாதீர்கள். நான்கு அல்லது ஐந்து பக்கெட்டில் ஒரு வண்டி நிரம்பினால் எந்திரமும் வண்டியும் பொருத்தமான ஜோடி.

படி 8: டம்பர் டிரைவர்

சுரங்கச் சாலையின் ஏற்றம் 16க்கு 1 என்பது நியதி. அதாவது 16 மீட்டர் போனால் 1 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. இரண்டு வண்டிகள் கடக்கும் சாலை, பெரிய வண்டியின் அகலத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். பள்ளப் பக்கம் பெர்ம் எனப்படும் மண்வரப்பு, பெரிய டயரின் பாதி உயரத்துக்குக் குறையக்கூடாது. முழு உயரம் இருந்தால் நிம்மதி. இவை இல்லாத சாலையில் லோடு ஏற்றச் சொன்னால் மறுத்துச் சொல்லும் உரிமை டிரைவருக்கு உண்டு. மறுப்பதை எழுதிக் கொடுங்கள்.

லோடோடு இறங்கும்போது, அந்தச் சரிவை எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வேகத்தை மட்டுப்படுத்தும் ரிடார்டரைப் பயன்படுத்துங்கள். கால் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறி, பாதிச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போகும். அந்தச் சூடு டயருக்கும் ஏறும். டயரிலிருந்து புகையோ கருகல் நாற்றமோ வந்தால் தண்ணீர் ஊற்றப் போகாதீர்கள். வண்டியைத் தனியாக நிறுத்தி எல்லோரும் விலக வேண்டும். உள்ளே எரிந்துகொண்டிருக்கும் டயர் பல மணி நேரம் கழித்தும் வெடிக்கும்.

மண் கொட்டும் மேட்டின் விளிம்புதான் டிரைவரின் பெரிய பரீட்சை. பகல் வெளிச்சத்தில் முதல் நடைக்கு முன் இறங்கி நடந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாக வெடிப்பு இருந்தாலோ, தரை கால் வைத்ததும் அமுங்கினாலோ, கீழே யாராவது மண்ணின் அடியை அள்ளியிருந்தாலோ அங்கே போக வேண்டாம். விளிம்பிலிருந்து ஒரு வண்டி நீளம் முன்பே கொட்டிவிட்டால் மண் தள்ளும் டோசர் எந்திரம் தள்ளிக்கொள்ளும். இரவிலும் மழைக்குப் பிறகும் இதுவே சரியான முறை.

ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி விளிம்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இரண்டு பின்டயரும் ஒரே நேரத்தில் பெர்மைத் தொட வேண்டும். ஒரு பக்கம் முன்னதாகத் தொட்டால் முன்னால் எடுத்து நேராக்குங்கள். பெர்ம், விளிம்பு எங்கே என்று காட்டும் அடையாளம். ஏறிச் சாய்ந்து நிற்க அதை நம்பக்கூடாது. பாடியைத் தூக்கும்போது ஈரக் களிமண் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் மட்டும் இறங்கினால் வண்டி குடைசாயும். ஒட்டிக்கொண்டது தெரிந்ததும் பாடியை மெதுவாக இறக்குங்கள். முன்னும் பின்னும் உலுக்கி உதறாதீர்கள். கொட்டி முடித்ததும் பாடி முழுதாக இறங்கிய பிறகே நகர வேண்டும். தூக்கிய பாடி மின்கம்பியைத் தொட்டுவிட்டால் கேபினுக்குள்ளேயே இருங்கள், மற்றவர்களை அருகே வரவிடாதீர்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்த்துக் குதித்து, சேர்த்த காலோடு சிறு சிறு எட்டாகத் தத்தி விலகுங்கள்.

படி 9: தூசு, சத்தம், வெயில்

கருங்கல்லிலும் கிரானைட்டிலும் சிலிகா உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசுதான் நுரையீரலின் அடிவரை போய் வடுவாகிறது. சிலிகோசிஸ் வந்தால் திரும்பக் குணமாகாது. துண்டைச் சுற்றிக்கொள்வதால் அந்த நுண்தூசு நிற்காது. முகத்தில் இடைவெளியின்றிப் பதியும் தூசு மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் பதியாது. அதைவிட முக்கியம், தூசு எழும் இடத்திலேயே அடக்குவது. தண்ணீர் விட்டுத் துளைப்பது, கிரஷரில் தண்ணீர் தெளிப்பது, சாலையை நனைப்பது. சத்தம் 85 டெசிபெல்லைத் தாண்டினால் காதடைப்பு அவசியம். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த அளவைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர் என்பது விதி சொல்லும் குறைந்தபட்சம். சித்திரை வைகாசி வெயிலில், பாறையின் சூடும் சேரும் பள்ளத்தில் அது போதாது. வியர்வை நின்று, பேச்சு குழறினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து, விசிறி, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

படி 10: மேலே போவது

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தலைமையகம் தன்பாத்தில் இருக்கிறது. டிஜிஎம்எஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். வெடிப்பாளர், மைனிங் மேட், ஃபோர்மேன், இரண்டாம் வகுப்பு மேலாளர், முதல் வகுப்பு மேலாளர் என்ற சான்றிதழ்களை வழங்குவது இந்த அமைப்புதான். ஆனால் நெய்வேலி நிலக்கரி விதிமுறைகளின் கீழ் வருகிறது. அங்கே ஃபோர்மேன், மேட் சான்றிதழ் செல்லாது. சர்தார், ஓவர்மேன் என்ற தனி வரிசை உண்டு. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பல ஆண்டு அனுபவத்தைத் தவறான வரிசையில் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். திறந்தவெளிக்கு மட்டும் செல்லும் சான்றிதழ், நிலத்தடிக்கும் செல்லும் சான்றிதழ் என்ற பிரிவும் உண்டு. இரண்டாவதற்கு நிலத்தடி அனுபவம் வேண்டும். படிப்பைத் தொடர நினைப்பவர்களுக்குச் சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் பட்டப்படிப்பு இருக்கிறது.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது முதலுதவிச் சான்றிதழ் கேட்பார்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பயிற்சியை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். மேலாளரின் கையெழுத்தோடு அனுபவச் சான்றும் வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன வேலை, எந்தச் சுரங்கம், திறந்தவெளியா நிலத்தடியா என்ற ஐந்தும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். குத்தகைக் காலம் முடிந்து குவாரி மூடப்பட்டால் மேலாளர் வேறு ஊருக்குப் போய்விடுவார். கையெழுத்துப் போட ஆள் இருக்காது. அதனால் இந்தச் சான்றை விலகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை வாங்கி 'ஓ' படிவ நகலோடு சேர்த்து வையுங்கள்.